காய்கறி நாற்றுகளுக்கான வளர்விளக்குகள்

வளர்விளக்கு என்பது சூரிய ஒளி போதாத இடத்தில் செடிகளின் ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய ஒளியைத் தரும் மின்விளக்கு ஆகும். குளிர்நாடுகளில் வீட்டுத் தோட்டம் போடுவோர், பனிக்காலம் முடியும் முன்பே தக்காளி, மிளகாய், கத்தரி போன்றவற்றின் நாற்றுகளை வீட்டினுள் வளர்த்தெடுக்க இதைப் பயன்படுத்துகின்றனர். விலை மிகுந்த விளக்கே சிறந்தது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மையில் இலையின் மேல் எவ்வளவு ஒளி விழுகிறது, அது நாளுக்கு எத்தனை மணிநேரம் விழுகிறது என்ற இரண்டைப் பொறுத்தே நாற்றின் தரம் அமைகிறது.

தேவை

கனடாவின் டொரான்டோ நகரை எடுத்துக்கொள்ளலாம். அங்கு உறைபனி ஆபத்து மே மாதம் வரை நீடிக்கும். ஆகவே மே மாதப் பிற்பகுதியில் வரும் விக்டோரியா நாள் விடுமுறையை ஒட்டியே பலரும் தக்காளியை வெளியே நடுகின்றனர். தக்காளி நாற்றுக்கு 6 முதல் 8 வாரங்களும், மிளகாய்க்கும் கத்தரிக்கும் 8 முதல் 10 வாரங்களும் வேண்டும் என்பதால் மார்ச் மாதத்திலேயே விதைக்க வேண்டியுள்ளது. ஸ்கார்பரோ, மார்க்கம் பகுதிகளில் கொல்லைப்புறத்தில் கத்தரியும் பச்சைமிளகாயும் வளர்க்கும் தமிழர் வீடுகளுக்கும் இதே கணக்குத்தான். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இந்தச் செலவுக்கு வேலையே இல்லை. அங்கு நாற்றங்காலுக்கு நிழல்வலை அல்லவா தேவைப்படுகிறது!

மார்ச் மாதச் சன்னலோரத்தில் வைத்த நாற்று, ஒளி வரும் பக்கமாகச் சாய்ந்து, தண்டு மெலிந்து நீண்டு, இலை வெளிறிப்போகும். ஒளி குறைவாக இருப்பதைத் தான் வேறு செடியின் நிழலில் இருப்பதாகக் கொண்டு, செடி தன் ஆற்றலை எல்லாம் உயரத்துக்கே செலவிடுகிறது. இப்படி நெட்டையான நாற்று, வெளியே நட்டவுடன் காற்றில் மடிந்துவிடும். தக்காளியையாவது தண்டு புதைய ஆழமாக நட்டுக் காப்பாற்றலாம். புதைந்த தண்டிலிருந்து அது வேர் விடும். மற்றவற்றில் இந்த உத்தி அவ்வளவு உதவாது.

பெட்டியில் உள்ள எண்கள்

விளக்கு வாங்குவோர் முதலில் பார்ப்பது வாட். அது விளக்கு உண்ணும் மின்சாரத்தின் அளவே தவிர, தரும் ஒளியின் அளவு அன்று. "1000 வாட்டுக்கு இணை" என்று அச்சிடப்பட்ட மலிவு விளக்குகளில் பல, உண்மையில் அதில் பத்தில் ஒரு பங்கு மின்சாரத்தையே எடுக்கின்றன. ஆகவே இணை வாட்டைப் புறக்கணித்து, உண்மையான மின்நுகர்வு எங்கே எழுதப்பட்டுள்ளது என்று தேட வேண்டும். அது எங்குமே இல்லை என்றால் அந்த விளக்கை வாங்காமல் இருப்பது நல்லது.

லூமன் என்பது மனிதக் கண்ணுக்கு எவ்வளவு வெளிச்சமாகத் தெரிகிறது என்பதன் அளவு. நம் கண் பச்சை ஒளியை மிகுதியாகவும், சிவப்பையும் நீலத்தையும் குறைவாகவும் உணரும். செடியோ 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளி முழுவதையும் பயன்படுத்துகிறது. எனவே செடிக்கான ஒளியை, ஒரு சதுரமீட்டர் பரப்பில் ஒரு நொடிக்கு விழும் ஃபோட்டான்களின் எண்ணிக்கையாக, மைக்ரோமோல் அலகில் அளக்கின்றனர். உச்சிவெயிலில் இது ஏறத்தாழ 2000 மைக்ரோமோல் இருக்கும். நாற்றுக்கு அவ்வளவு வேண்டாம்: முளைத்த புதிதில் 100 முதல் 150, உண்மை இலைகள் வந்தபின் 200 முதல் 300 போதும்.

வெள்ளை எல்இடி விளக்காக இருந்தால் லூமனைக் கொண்டும் ஒரு தோராயக் கணக்குப் போடலாம். லூமனை 70ஆல் வகுத்தால் நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் என்று கிடைக்கும். 4000 லூமன் தரும் நான்கு அடி விளக்குகள் இரண்டு சேர்ந்தால் ஏறத்தாழ 114. அதை 120 சென்டிமீட்டர் நீளமும் 50 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஓர் அடுக்கின் பரப்பால், அதாவது 0.6 சதுரமீட்டரால் வகுத்தால் 190 வருகிறது. பக்கவாட்டில் சிதறும் ஒளியைக் கழித்தாலும் நாற்றுக்குப் போதுமான அளவே மிஞ்சும். ஊதா, சிவப்பு விளக்குகளுக்கு இக்கணக்கு பொருந்தாது.

ஊதா விளக்கா, வெள்ளை விளக்கா?

பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் மிகுதியாக உறிஞ்சுகிறது என்று பாடநூல்களில் படித்திருப்போம். அதை வைத்தே அவ்விரு நிறங்களை மட்டும் தரும் ஊதா விளக்குகள் விற்பனைக்கு வந்தன. ஆனால் கரைசலில் பிரித்தெடுத்த பச்சையம் வேறு, முழு இலை வேறு. கீத் மெக்கிரீ 1972இல் வெளியிட்ட ஆய்வில் 22 வகைப் பயிர்களின் இலைகளை அளந்து, பச்சை ஒளியும் ஒளிச்சேர்க்கைக்குக் கணிசமாக உதவுகிறது என்று காட்டினார். ஊதா விளக்கில் செடி வளராமல் போகாது. ஆனால் அந்த ஒளியில் இலை மஞ்சளாகிறதா, பூச்சி உள்ளதா என்று கண்ணால் காண்பது கடினம். 4000 முதல் 6500 கெல்வின் வரை நிறவெப்பநிலை கொண்ட சாதாரண வெள்ளை எல்இடி விளக்கு வீட்டு நாற்றுகளுக்குப் போதுமானது. அதிலுள்ள நீல ஒளி தண்டு நீளுவதைக் கட்டுப்படுத்தவும் செய்கிறது.

பழைய குழல்விளக்குகள் கைவசம் இருந்தால் அவற்றையும் பயன்படுத்தலாம். பாதரசம் இருப்பதால் உடையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குண்டு பல்பு மின்சாரத்தின் பெரும்பகுதியை வெப்பமாக்கிவிடுவதால் இதற்கு உதவாது.

உயரமும் நேரமும்

நல்ல விளக்கை வாங்கிவிட்டு மேலே வெகு தூரத்தில் மாட்டுவதே பலரும் செய்யும் தவறு. விளக்கு விலக விலக ஒளி வேகமாகக் குறையும். குழல்விளக்கை நாற்றின் நுனியிலிருந்து 5 முதல் 10 சென்டிமீட்டர் உயரத்திலும், நான்கு அடி எல்இடி விளக்கை 15 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்திலும் தொங்கவிடலாம். சங்கிலியில் தொங்கவிட்டால், செடி வளர வளர ஒவ்வொரு கண்ணியாக உயர்த்தலாம். கைபேசியில் லக்ஸ் அளக்கும் செயலியை நிறுவி நாற்றின் மட்டத்தில் வைத்துப் பார்த்தால், தட்டின் நடுவுக்கும் ஓரத்துக்கும் உள்ள வேறுபாடு தெரியும். வெள்ளை எல்இடியின் கீழ் 13,000 முதல் 14,000 லக்ஸ் காட்டினால் அது ஏறத்தாழ 200 மைக்ரோமோல். ஓரத்து நாற்றுகளைச் சில நாட்களுக்கு ஒருமுறை நடுவுக்கு மாற்றிவைத்தால் வளர்ச்சி சமப்படும்.

200 மைக்ரோமோல் ஒளி 16 மணிநேரம் விழுந்தால், ஒரு நாளில் சதுரமீட்டருக்கு 11.5 மோல் சேரும். விளக்கு சற்று மங்கலாக இருந்தால் நேரத்தைக் கூட்டி ஓரளவு ஈடுகட்டலாம். அதற்காக 24 மணிநேரமும் எரியவிடக் கூடாது. தொடர் ஒளியில் தக்காளி, கத்தரி இலைகள் வெளிறிச் சேதமடையும். தானாக ஏற்றி அணைக்கும் டைமர் ஒன்று வாங்குவது நல்லது. 40 வாட் விளக்குகள் இரண்டு, நாளுக்கு 16 மணிநேரம் வீதம் எட்டு வாரம் எரிந்தால் சுமார் 72 யூனிட் மின்சாரம் செலவாகும். உள்ளூர்க் கட்டணத்தால் இதைப் பெருக்கிப் பார்த்தபின், நாற்றை வளர்ப்பதா கடையில் வாங்குவதா என்று முடிவு செய்யலாம்.

விதை முளைக்கும் வரை தக்காளிக்கும் மிளகாய்க்கும் ஒளியைவிட வெதுவெதுப்பே முக்கியம். முதல் முளை மண்ணுக்கு மேல் தலைகாட்டிய அன்றே விளக்கை ஏற்ற வேண்டும். இரண்டு நாள் தாமதித்தாலும் தண்டு நீண்டுவிடும், பிறகு அதைக் குட்டையாக்க வழியில்லை. வளர்ந்த நாற்றை நேரே வெயிலில் நட்டால் இலை கருகும் என்பதால், நடவுக்கு முன் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை, முதல் நாள் நிழலில் ஓரிரு மணிநேரம் என்று தொடங்கி வெளியே வைத்துப் பழக்குகின்றனர்.