பாதியில் நின்றாலும் பலன் உண்டு

ஒரு பக்கத்தில் புரியாத சொற்கள் எத்தனை? டாக்காவில் போடப்பட்ட கணக்கு இன்றைய வகுப்பறைக்கும் பொருந்துகிறது.

இன்ஷூரன்ஸ் பாலிசியைப் பாதியில் நிறுத்தினால் கிடைக்கும் தொகைக்கு 'சரண்டர் மதிப்பு' என்று பெயர். பள்ளியைப் பாதியில் விடும் பிள்ளைக்கு, அதுவரை படித்த ஆங்கிலத்தின் சரண்டர் மதிப்பு என்ன? 1920களில் டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்த மைக்கேல் வெஸ்ட் எழுப்பிய கேள்வி இது. அவர் கண்ட விடை: ஏறக்குறைய பூஜ்யம்.

அன்றைய வங்காளத்தில் ஆங்கிலம் படிக்கத் தொடங்கிய மாணவர்களில் பெரும்பாலோர் இறுதி வகுப்பை எட்டவில்லை. பாடத்திட்டமோ கடைசி வரை போகும் சிலருக்காகவே இருந்தது. சில ஆண்டுகள் படித்துவிட்டு விலகிய மாணவனால் எளிய ஆங்கிலக் கதையைக்கூடப் படிக்க முடியவில்லை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திணிப்பதைவிட, முதலில் படிக்கக் கற்றுக்கொடுங்கள். எந்த வகுப்பில் நின்றாலும் அது கைவசம் இருக்கும் என்று வாதாடினார் வெஸ்ட். இருமொழியம் பற்றி 1926-ல் வெளியான அவரது நூலின் மையக் கருத்து இதுதான்.

ஆனால் படிக்கவிடாமல் தடுத்ததே பாடப்புத்தகம்தான். ஒவ்வொரு பக்கத்திலும் புதுச் சொற்கள் குவிந்திருந்தன. அவற்றில் பல அபூர்வமானவை; ஒருமுறை தலைகாட்டிவிட்டு மறைந்துவிடுபவை. வெஸ்ட் பாடங்களைத் திருத்தி எழுதினார். அரிய சொல் இருந்த இடத்தில் புழக்கத்தில் உள்ள சொல் வந்தது. 50 சொற்களுக்கு ஒரு புதுச் சொல் போதும் என்பது அவர் அளவு. அறிமுகமான சொல் அடுத்தடுத்த பக்கங்களில் மீண்டும் மீண்டும் வரவேண்டும். 'நியூ மெத்தட்' ரீடர்கள் பிறந்த கதை இது.

எந்தச் சொற்களை முதலில் சொல்லித்தருவது? 1953-ல் அவர் வெளியிட்ட பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியலில் சுமார் 2,000 சொற்கள் இருந்தன. சாதாரண ஆங்கில எழுத்தில் ஏறக்குறைய 80 சதவீதத்தை அவையே நிரப்பிவிடும். ஒரே சொல்லுக்குப் பல பொருள் இருந்தால் எந்தப் பொருள் எவ்வளவு புழங்குகிறது என்ற விவரமும் அதில் உண்டு.

பின்னாளில் நியூஸிலாந்து மொழியியலாளர் பால் நேஷன் போன்றோரின் ஆய்வுகளும் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தன. யார் துணையும் இல்லாமல் படித்துப் புரிந்துகொள்ள, பக்கத்திலுள்ள சொற்களில் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும் என்கின்றன அவை. அதாவது 50-க்கு ஒன்றுதான் புதிது. 90 சதவீதம் தெரிந்தால் போதாதா? 300 சொற்கள் கொண்ட பக்கத்தில் 30 இடங்களில் தடுக்கி விழ வேண்டியிருக்கும். கதையாவது, ருசியாவது!

டாக்கா இன்று வங்கதேசத்தின் தலைநகரம். ஆனால் பிரச்சினை எல்லைக்கு இந்தப் பக்கமும் இருக்கிறது. பிரதம் அமைப்பின் 2022 'அசர்' ஆய்வில், கிராமப்புற ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் எளிய ஆங்கில வாக்கியங்களைப் படிக்க முடிந்தவர்கள் 24.5 சதவீதம்தான். எட்டாம் வகுப்பிலும் 46.7 சதவீதமே. சரண்டர் மதிப்பு இன்னும் உயர்ந்தபாடில்லை.

வெஸ்டின் வழியில் குறையும் உண்டு. வாசிப்பே முதலில் என்றார் அவர். இன்றைய பெற்றோர் கேட்பதோ பேச்சு ஆங்கிலம். வேலைக்கான நேர்முகத் தேர்வில் மௌன வாசிப்பு மட்டும் கைகொடுக்காது. ஆனால் பேசுவதற்கும் சொற்கள் வேண்டும். வீட்டிலும் தெருவிலும் ஆங்கிலம் காதில் விழாத பிள்ளைக்கு, அவற்றைத் திரும்பத் திரும்பச் சந்திக்கும் இடம் புத்தகம்தான்.

அதற்கான கதைகள் முன்பைவிட எளிதாகக் கிடைக்கின்றன. பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில், ஆங்கிலம், தமிழ் உள்ளிட்ட பல மொழிக் கதைகள் நான்கு நிலைகளாகப் பிரித்து இலவசமாக வைக்கப்பட்டுள்ளன.

புத்தகம் பிள்ளைக்கு ஏற்றதா என்று பார்க்க ஆசிரியருக்குத் தேவை ஒரு பென்சில்தான். நூறு சொற்கள் உள்ள பகுதியில் தெரியாதவற்றை மாணவனே அடிக்கோடிடட்டும். இரண்டு கோடுகள் என்றால் தனியே படிக்க விடலாம். ஐந்து என்றால் பக்கத்தில் உட்கார வேண்டும். பத்து என்றால் மாற்ற வேண்டியது மாணவனை அல்ல, புத்தகத்தை.