கடல் கடந்த நாணயம்

அதிகாலை ஐந்து மணிக்கு டொரன்டோவின் ஸ்கார்பரோவில் தெருவிளக்கைத் தவிர வேறு வெளிச்சம் இராது. ஜனவரி மாதமென்றால் கார்களின் மேல் ஒரு சாண் பனி கிடக்கும். அந்த நேரத்தில் மார்க்கம் வீதிப் பக்கம் ஒரு பிளாசாவின் மூலைக் கடையில் மட்டும் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருக்கும். உள்ளே இடியப்பம் அவிகிறது. ஆறு மணிக்கு முதல் ஆள் வருவார். இரவு வேலை முடிந்து தொழிற்சாலையிலிருந்து வீடு திரும்புகிறவர். “அக்கா, இருபது இடியப்பம், சம்பல், சொதி” என்பார். அவ்வளவுதான் பேச்சு. பொதி கைமாறும்போது அவர் முகத்தில் தெரியும் நிம்மதிக்காகவே நான் பல நாள் அந்த நேரத்தில் அங்கே போய் நின்றிருக்கிறேன்.

கடைக்காரரை எல்லோரும் அக்கா என்றே அழைக்கிறார்கள், அவரைவிட மூத்தவர்கள்கூட. வடமராட்சியிலிருந்து கணவரோடு வந்து சேர்ந்தவர். கணவர் ஓர் உணவகத்தில் முதலில் கோப்பை கழுவினார், பிறகு காய்கறி வெட்டினார், பிறகு அடுப்படிக்கு வந்தார். 1980களிலும் 90களிலும் டொரன்டோ உணவகங்களுக்குப் பின்கதவால் உள்ளே போன தமிழ் இளைஞர்கள் பலர் நடந்த வழி இதுதான். அந்த அடுப்படிகளில் கற்ற வேகத்தையும், வீட்டிலிருந்து கொண்டுவந்த கைப்பக்குவத்தையும் சேர்த்துத்தான் ‘டேக்-அவுட்’ என்று இன்று எல்லோரும் சொல்லும் எடுப்புச் சாப்பாட்டுக் கடைகள் பிறந்தன.

எண்ணே இல்லாத மனிதர்

தமிழில் நாணயம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். கையில் எடுத்துக் கொடுக்கும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத குணமும் நாணயம். ஊரில் இருக்கும்வரை இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டிய தேவை வருவதில்லை. இன்னாருடைய மகன் என்றால் போதும், கடைக்காரர் கொப்பியில் எழுதிக்கொண்டு சாமான் கொடுத்துவிடுவார். கடல் கடந்தால் முதல் நாணயத்தை மாற்றித் தர விமான நிலையத்திலேயே ஆள் இருக்கிறது. இரண்டாவதை மாற்றித் தர எங்கும் ஆள் இல்லை.

இலங்கையில் 1983 ஜூலையில் தமிழர்கள் மீது நடந்த வன்முறைக்குப் பிறகு வந்தவர்கள் பலர் காசும் இல்லாமல், தம்மை யாரென்று சொல்லும் காகிதமும் போதாமல் வந்தார்கள். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை மீனவர்கள் கண்டு காப்பாற்றினார்கள். அப்படிக் கரையேறிய ஒருவர் வங்கிக்குப் போய்க் கடன் கேட்டால் என்ன நடக்கும்? கடன் வரலாற்றைக் கேட்பார்கள். கனடாவில் அதைச் சுருக்கிச் சொல்வது 300 முதல் 900 வரையிலான ஒரு மதிப்பெண். ஊரில் முப்பது வருடம் யாருக்கும் பாக்கி வைக்காதவருக்கும் இங்கே அந்த எண் கிடையாது. அகதிக் கோரிக்கையாளருக்குக் கிடைக்கும் சமூகக் காப்புறுதி எண் 9இல் தொடங்கும். இவர் தற்காலிகமாக இருப்பவர் என்று தெரிந்துகொள்ள எதிரில் இருக்கும் வங்கி ஊழியருக்கு அந்த முதல் இலக்கமே போதும்.

சீட்டு

இந்தப் பள்ளத்தைக் கடக்க நம்மவர்கள் போட்ட பாலம் சீட்டு. 20 பேர், மாதம் 1,000 டாலர், 20 மாதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தவணைக்கு 20,000 சேரும். கடைக்கு முன்பணம் கட்ட வேண்டிய அவசரத்தில் இருப்பவர் 3,000 கழிவு கூறி 17,000ஐ எடுத்துக்கொள்வார். அந்த மாதம் ஆளுக்கு 850 டாலர் கட்டினால் போதும். அவசரம் இல்லாதவருக்கு அது சேமிப்பு. அவசரக்காரருக்கு அது வங்கி தராத முதலீடு. அக்காவின் கடைக்கு முதல் அடுப்பும், அதற்கு மேலே புகையை இழுக்கும் கூண்டும், ரோல்ஸ் அடுக்கும் கண்ணாடிப் பெட்டியும் வந்தது இப்படித்தான்.

இந்தியாவில் சீட்டு நடத்த 1982ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, பதிவு இருக்கிறது. ஸ்கார்பரோவின் வரவேற்பறைகளில் நடந்த சீட்டுக்கு ஒரு கொப்பியும் வாய்ச்சொல்லும்தான் ஆதாரம். யாருடைய தங்கை, எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம் என்ற நினைவே அங்கே கடன் வரலாறாக நின்றது. பெரும்பாலும் அது தாங்கியது. தாங்காத இடங்களில் சேதம் பெரிது. சீட்டுப் பிடித்தவர் இரவோடு இரவாக மறைந்த கதையைக் கேட்காத தமிழர் இங்கே குறைவு. ஏமாந்தவர்களிடம் வெளியே எடுத்துக் காட்ட ஒரு துண்டுக் காகிதமும் இருக்கவில்லை.

ஆகவே சீட்டை நான் முதல் படியாக மதிக்கிறேன். அந்தப் படியிலேயே நின்றுவிட்டவர்களுக்காக வருந்துகிறேன். நம்மவரிடம் இருக்கும் நாணயத்தை, நம்மைத் தெரியாதவரும் வாசிக்கக்கூடிய நாணயமாக மாற்றுவதுதான் குடியேறிய நாட்டில் தொழில் செய்வதன் பெரும்பகுதி.

வாசலில் ஒட்டிய பச்சைத் தாள்

அந்த மாற்றம் எப்படி நடக்கிறது என்பதை அக்காவின் சொதிச் சட்டியில் பார்க்கலாம். என் அம்மா காலையில் வைத்த சொதி மத்தியானம்வரை அடுப்பங்கரையிலேயே இருக்கும். ஒன்டாரியோவில் கடையில் அப்படி வைக்க முடியாது. சூடாக விற்பது 60 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கக்கூடாது. குளிராக வைப்பது 4 பாகைக்கு மேலே ஏறக்கூடாது. சூடு குறையக்கூடாதென்று தேங்காய்ப்பாலில் வைத்த சொதியைக் கொதிக்கவிட்டாலோ திரைந்துவிடும். அக்கா ஒரு வழி கண்டார். பெரிய சட்டியாக ஒரே தடவை வைப்பதை விட்டு, சிறிது சிறிதாகப் பல தடவை வைத்து, வெந்நீர்த் தொட்டிக்குள் சட்டியை இறக்கி வைக்கிறார். தேங்காய்ச் சம்பல் குளிர்பெட்டிக்குள் போய்விட்டது. இடுப்பில் செருகிய துணிக்குப் பக்கத்தில் வெப்பமானியும் இருக்கிறது. முதலில் கெடுபிடியாகத் தெரிந்த விதி அவருடைய சொதியை மாலைவரை புதிதாக வைத்திருக்கிறது.

நகர சுகாதாரப் பரிசோதகர் முன்னறிவிப்பு இல்லாமல் வருவார், அதே மாதிரி ஒரு வெப்பமானியைச் சட்டிக்குள் விடுவார். 2001 முதல் டொரன்டோவில் பரிசோதனை முடிவு வண்ணத் தாளாகக் கடை வாசலில் நிற்கிறது. பச்சை என்றால் தேறியது, மஞ்சள் என்றால் நிபந்தனையோடு, சிவப்பு என்றால் மூடல். அக்காவின் ஊரைத் தெரியாத, தமிழில் ஒரு சொல்லும் தெரியாத ஒருவர் அந்தப் பச்சைத் தாளைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து ரோல்ஸ் வாங்கிப் போகிறார்.

வரிக்கணக்கும் இப்படித்தான். தொடர்ந்து வரும் நான்கு காலாண்டுகளில் விற்பனை 30,000 டாலரைத் தாண்டினால் விற்பனை வரிக்குப் பதிவு செய்தாக வேண்டும். ஒன்டாரியோவில் அந்த வரி 13 வீதம். சமைத்த உணவின் மொத்த விலை 4 டாலருக்குள் இருந்தால் மாகாணத்தின் பங்கு கழிந்து 5 வீதம் மட்டுமே. ஒரேயொரு ரோல்ஸ் வாங்குகிறவருக்கு ஒரு கணக்கு, பத்து வாங்குகிறவருக்கு வேறு கணக்கு. தொடக்கத்தில் பலர் தடுமாறுவது இந்த வீதங்களில் அல்ல. வரியாக வாங்கிய பணம் கல்லாப்பெட்டியில் கண்முன்னே கிடக்கும்; அரிசி மூட்டைக்கு அதை எடுத்துவிடுவார்கள். அது அரசாங்கத்தின் பணம் என்பது கட்டவேண்டிய நாளில்தான் உறைக்கும். அக்கா அதற்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு வைத்தார். தினமும் இரவு கடை பூட்டுமுன் அன்றைய வரியை அதில் போட்டுவிடுவார்.

பலரைக் கவிழ்த்த இன்னொரு கல் குத்தகைப் பத்திரம். பெரிதாக எழுதிய வாடகைக்குக் கீழே சொத்துவரி, பராமரிப்பு, காப்புறுதி என்று மூன்று செலவு தனியாக நிற்கும். வணிகக் கட்டிடங்களுக்கு ஒன்டாரியோவில் வாடகை உச்சவரம்பு கிடையாது. பல பத்திரங்களில் தனிப்பட்ட உத்தரவாதம் என்று ஒரு வாசகமும் இருக்கும். கடை மூடினாலும் கடன் வீட்டுவாசலுக்கு வரும் என்பது அதன் பொருள். கையெழுத்துக்கு முன் ஒரு வழக்கறிஞருக்குக் கொடுக்கும் கூலி, கடையின் முதல் ஆண்டில் நீங்கள் செய்யும் மிக நல்ல செலவு.

சொல்லத் தயங்கும் கணக்கு

நம்மவர் கடைகளைப் பெருமையாகப் பேசும்போது ஒரு செலவை யாரும் கூட்டுவதில்லை. கணவன், மனைவி, பிள்ளைகள், ஊரிலிருந்து வந்த அம்மா எல்லோரும் சம்பளமில்லாமல் உழைத்தால்தான் பல கடைகளில் லாபம் தெரிகிறது. வரி அலுவலகக் கடிதத்தைப் பத்து வயதுப் பிள்ளை கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நின்று பெற்றோருக்கு மொழிபெயர்த்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளையின் முகத்தில் இருந்தது பயம்.

ஒரு கடை ஓடினால் பக்கத்திலேயே அதே கடையைத் திறப்பதும் நம்மிடம் உண்டு. ஒரே தெருவில் மூன்று இடியப்பக் கடை வந்தால் விலை இறங்கும், தரம் இறங்கும், மூன்று குடும்பத்தின் தூக்கமும் போகும். புதிதாகத் தொடங்குகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: பக்கத்துக் கடையில் இல்லாத ஒன்றை முதலில் யோசியுங்கள். வீட்டு ஆட்களின் மணிநேரத்துக்கும் ஒரு விலை போட்டுக் கணக்குப் பாருங்கள். அப்போதும் மிஞ்சினால் கடையைத் திறவுங்கள். பெயரைப் பதிவு செய்வது ஒன்டாரியோவில் 60 டாலர் வேலை. ஐந்து ஆண்டுக்குச் செல்லும். யோசிப்பதற்குத்தான் நாள் ஒதுக்க வேண்டும். ஆலோசனை கேட்க இடமில்லாத காலமும் போய்விட்டது. கனடியத் தமிழர் வர்த்தக சம்மேளனம் 1991இலிருந்து இயங்குகிறது. நகரசபையும் சிறுதொழில் தொடங்குவோருக்கு உதவுகிறது.

சென்ற குளிர்காலத்தில் அக்காவின் கடைக்கு ஓர் இளைஞர் வேலை கேட்டு வந்தார். நாட்டுக்கு வந்து சில மாதங்கள்தான். வேலை செய்யும் அனுமதி இருந்தது, வேறெதுவும் இல்லை. “கையில காசாத் தந்தாக் காணும் அக்கா” என்றார். அக்கா மறுத்துத் தலையை ஆட்டினார்.

“தம்பி, காசாத் தந்தா இண்டைக்கே செலவழிஞ்சு போயிடும். பாங்கில போட்டு, சம்பளச் சீட்டோட தாறன். நாளைக்கு ஒரு அறை வாடகைக்கு எடுக்கப் போகேக்க உங்களிட்டக் காட்ட அதுதான் இருக்கும்.”

இரண்டு வாரம் கழித்து முதல் சம்பளச் சீட்டை அவர் கையில் கொடுத்தபோது நான் அங்கே நின்றேன். பிடித்தம் என்ன, கையில் வருவது என்ன என்று அக்கா ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக் காட்டினார். இளைஞர் இரண்டு தடவை வாசித்தார். பிறகு மடிப்பு விழாமல், கடவுச்சீட்டு வைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள் அதை வைத்துக்கொண்டு, இடியப்ப உரலை எடுக்க உள்ளே போனார்.