ஐந்து நட்சத்திரப் படமும் திரும்பி வந்த கல்லும்

பேருவளையில் இரத்தினக்கல் வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவரின் காரியாலயத்துக்குச் சென்றிருந்தபோது, மேசை மீது சிறிய பொதியொன்று பிரிக்கப்பட்டுக் கிடந்தது. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கு அனுப்பப்பட்ட நீலக்கல் அது. படத்தைப் பார்த்து விலை பேசி, பணமும் அனுப்பிய அவர், கல் கைக்குக் கிடைத்த மறுநாளே அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். படத்தில் கண்ட நிறம் கல்லில் இல்லை என்பதே அவர் சொன்ன காரணம்.

"நல்ல படத்தத்தான் நானா அனுப்பின. அஞ்சு ஸ்டார் போட்ட படம்" என்றார் அங்கு கணினி வேலை பார்க்கும் இளைஞர்.

அவர் பொய் சொல்லவில்லை. கணினியைத் திறந்து காட்டினார். அந்த ஒரு கல்லுக்கு மட்டும் பதினான்கு படங்கள் இருந்தன. கறுப்புத் துணியில் வைத்து, வெள்ளை மின்குமிழின் கீழ் கையடக்கத் தொலைபேசியால் எடுத்த படத்துக்கு ஐந்து நட்சத்திரம். அதில் கல் ஆழ்கடல் போல் மின்னியது. ஜன்னலோரம் வெள்ளைக் கடதாசியில் வைத்து எடுத்த படத்துக்கு இரண்டே நட்சத்திரம். மேசையில் கிடந்த கல்லை எடுத்து இரண்டோடும் ஒப்பிட்டுப் பார்த்தோம். கல்லோடு ஒத்துப்போனது அந்த இரண்டு நட்சத்திரப் படம்தான்.

தபால் செலவு, காப்புறுதி, வங்கிக் கட்டணம் என்று நண்பருக்கு இருவழியிலும் நட்டம். அதைவிட, மாதாமாதம் கல் கேட்டு எழுதும் அந்த வாடிக்கையாளரிடமிருந்து அடுத்த மாதம் ஒரு செய்தியும் வரவில்லை.

படங்களுக்கு நட்சத்திரமிடும் வசதி இன்று நேற்று வந்ததல்ல. 2007ஆம் ஆண்டு வெளியான விண்டோஸ் விஸ்டாவிலும், அதே ஆண்டு அடோபி நிறுவனம் வெளியிட்ட லைட்ரூம் மென்பொருளிலும் அது இருந்தது. இலவசமாகக் கிடைக்கும் டிஜிகேம் மென்பொருளிலும் உண்டு. லைட்ரூமில் 0 முதல் 5 வரையிலான இலக்கங்களில் ஒன்றைத் தட்டினால் போதும், நட்சத்திரம் விழுந்துவிடும். ஆனால் மூன்று நட்சத்திரம் என்றால் என்னவென்று எந்த மென்பொருளும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. அதை நாமே தீர்மானிக்க வேண்டும். தீர்மானிக்காதவர் அன்றைய மனநிலைக்கேற்ப இடுவார். இன்று மூன்று போட்ட படத்துக்கு அடுத்த வாரம் நான்கு போடுவார். ஆறு மாதம் சென்றால் பாதிப் படங்கள் மூன்றில் வந்து நிற்கும், மீதிப் பாதிக்கு நட்சத்திரமே இருக்காது.

பிலிம் காலத்தில் இந்தத் தொல்லை இருக்கவில்லை. ஒரு சுருளில் 36 படங்கள், கழுவவும் பிரதி எடுக்கவும் தனித்தனிச் செலவு. எனவே கமெராவை அழுத்து முன்னரே மனிதன் யோசித்தான். இன்று அழுத்துவதற்குக் காசில்லை. நண்பரின் கணினியில் பதினோராயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் கிடக்கின்றன. அவற்றில் விற்ற கல்லும் விற்காத கல்லும் மட்டுமல்ல, வீட்டுக் கல்யாணமும் இருக்கிறது!

வியாபாரியின் நட்சத்திரம் படத்தின் அழகுக்குரியதல்ல, அந்தப் படத்தை என்ன வேலைக்குப் பயன்படுத்தலாம் என்பதற்குரியது. நாங்கள் மூவரும் அன்று பின்னேரம் உட்கார்ந்து, ஒரு கடதாசி அட்டையில் எழுதிக்கொண்டதும் இதையே. ஒரு நட்சத்திரம் என்றால் எங்கள் சொந்தப் பதிவுக்கு மட்டும். எடை, அளவு, பின்புறக் கீறல் என்பன தெரிந்தால் போதும், கடைக்கு வெளியே போகக் கூடாது. இரண்டு என்றால் வாடிக்கையாளர் கேட்டால் அனுப்பலாம். மூன்று என்றால் அவர் கேட்காமலேயே நாங்கள் முந்திக்கொண்டு அனுப்பலாம். நான்கு விலைப்பட்டியலுக்கும் விளம்பரத்துக்கும். ஐந்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. அது வருடத்துக்கு இரண்டோ மூன்றோ படங்களுக்குப் போதும்.

இதில் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையிலுள்ள படிதான் முக்கியமானது. கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, பகல் வெளிச்சத்தில், படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் எந்தப் படமும் அந்தப் படியைத் தாண்டக் கூடாது என்று எழுதினோம். கல்லைப் பகல் வெளிச்சத்தில் பார்த்து விலை பேசுவது இந்தத் தொழிலின் பழைய வழக்கம். ஆனால் கமெரா வந்ததும் படத்தை மட்டும் மின்குமிழின் கீழ் எடுக்கப் பழகிவிட்டோம். இன்றைய கையடக்கத் தொலைபேசிகள் நம்மைக் கேளாமலேயே நிறத்தைக் கூட்டிக் காட்டுவதும் உண்டு.

எல்லாக் கல்லுக்கும் ஒரே வெளிச்சம் என்று கொள்ளவும் முடியாது. அலெக்ஸாண்ட்ரைட் பகலில் பச்சையாகவும் பழைய மஞ்சள் மின்குமிழின் கீழ் சிவப்பாகவும் தெரியும். அதற்கு இரண்டு படமும் வேண்டும், எது எந்த வெளிச்சத்தில் எடுத்தது என்ற குறிப்பும் வேண்டும். வைடூரியத்தின் கோடு ஒற்றை விளக்கின் கீழ்தான் தெளிவாக விழும். மப்பு வெளிச்சத்தில் எடுத்தால் அது வெறும் கல்லாகவே தெரியும். ஆகவே ஒப்பிடும் வேலையைக் கல் தெரிந்தவரே செய்ய வேண்டும். கணினி தெரிந்தால் மட்டும் போதாது. புடவைக் கடைக்காரருக்கும் தளபாட வியாபாரிக்கும் இது பொருந்தும். படத்தைப் பார்த்துக் கடும் பச்சைச் சேலை கேட்டவருக்கு வெளிர்ப் பச்சை போய்ச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இளைஞர் நல்லதொரு கேள்வி கேட்டார். கல் விற்றுப்போனால் நட்சத்திரத்தைக் குறைப்பதா? கூடாது. படத்தின் தரம் வேறு, சரக்கின் நிலை வேறு. சரக்கின் நிலைக்கு நிற அடையாளம் இருக்கிறது. லைட்ரூமில் 6 முதல் 9 வரையிலான இலக்கங்கள் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று நிறமிடும். கையில் உள்ள கல்லுக்குப் பச்சை, ஒருவருக்காக ஒதுக்கி வைத்ததற்கு மஞ்சள், விற்றதற்குச் சிவப்பு என்று வைத்தோம். கல்லின் பெயரும் எடையும் குறிச்சொற்களாகப் போகட்டும். இம்மூன்றையும் நட்சத்திரத்தின் தலையிலேயே ஏற்றியவர்கள்தான் பின்னர் இந்த முறையே சரிவராது என்று கைவிடுகிறார்கள்.

நட்சத்திரமிடும்போது ஒரே தடவையில் 'இது மூன்றா நான்கா' என்று தடுமாறத் தேவையில்லை. முதற் சுற்றில் வைப்பதா வீசுவதா என்பது மட்டும்தான். மங்கியது, கை ஆடியது எல்லாம் போய்விடும். வைத்ததற்கெல்லாம் ஒன்று. அடுத்த சுற்றில் அவற்றை மட்டும் பார்த்து, தகுதியுள்ளதை இரண்டாக்குங்கள். மேலே போகப் போகப் பார்க்க வேண்டிய படங்கள் குறையும், வேலையும் இலகுவாகும். நான்கும் ஐந்தும் ஒரு வாரம் கழித்து இட்டால் நல்லது. எடுத்த அன்று நம் படம் நமக்கு எப்போதும் அழகுதான்.

நட்சத்திரம் எங்கே எழுதப்படுகிறது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். கூகுள் நிறுவனத்தின் பிகாசாவைப் பலர் பாவித்தோம். அதில் ஒற்றை நட்சத்திரம் மட்டுமே. அதுவும் படத்துக்குள் அல்லாமல், அதே போல்டரில் ஒளிந்திருந்த வேறொரு சிறு கோப்பில் எழுதப்பட்டது. 2016இல் பிகாசா நிறுத்தப்பட்ட பின் படங்களை மட்டும் வேறிடத்துக்கு மாற்றியவர்களுக்குப் படம் வந்தது, நட்சத்திரம் வரவில்லை. லைட்ரூமும் வழமையாகத் தன் சொந்தப் பட்டியலிலேயே எழுதி வைக்கும். படங்களைத் தெரிவுசெய்து கொன்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்தினால் ஜேபெக் படத்தின் உள்ளேயே பதிந்துவிடும். இதற்கென அடோபி 2001இல் அறிமுகப்படுத்திய எக்ஸ்.எம்.பி. முறை 2012இல் சர்வதேசத் தரநிலையாகவும் ஆக்கப்பட்டது. ஆகவே வேறு பல மென்பொருட்களாலும் அதை வாசிக்க முடியும்.

வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது கோப்பைச் சுருக்கி, உள்ளே எழுதிய விபரங்களை நீக்கிவிடும். வாடிக்கையாளருக்கு நம் நட்சத்திரம் தெரியாமலிருப்பது நல்லதே. ஆனால் கடைக்குள் ஒருவருக்கொருவர் படம் மாற்றிக்கொள்ளும்போது ஆவணமாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் செய்த வேலை அத்தனையும் வீணாகும்.

"அந்தப் பதினோராயிரத்த என்ன செய்ற?" என்று நண்பர் கடைசியாகக் கேட்டார். ஒன்றும் செய்ய வேண்டாம் என்றேன். அவற்றை உட்கார்ந்து தரப்படுத்தப் போனால் இரண்டாம் நாளே அலுத்துவிடும், புதிய படங்களும் தேங்கிவிடும். இன்று எடுக்கும் படத்திலிருந்து தொடங்குவது. பழையதில் ஒன்றை யாராவது கேட்டால், அதைத் தேடி எடுக்கும்போது கல்லையும் பெட்டகத்திலிருந்து எடுத்து ஒப்பிட்டு, அப்போது நட்சத்திரமிடுவது. ஒருவரும் கேட்காத படம் கிடந்தபடியே கிடக்கட்டும். அட்டையைக் கணினித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு, திரும்பி வந்த அந்த நீலக்கல்லை எடுத்துக்கொண்டு இளைஞர் ஜன்னலடிக்குப் போனார்.