ஆறாத அரிப்பா? கூச்சப்படாம டாக்டர்கிட்ட காட்டுங்க!

ஆசனவாயைச் சுற்றி அரிப்பு, எரிச்சல், சிவந்த தடிப்பு. வெளியே சொல்லக் கூச்சமாக இருக்கும். பெரும்பாலும் இது படை, எக்ஸிமா அல்லது மூலத் தொல்லையாகத்தான் இருக்கும். உரிய சிகிச்சையில் சில வாரங்களில் குறைந்துவிடும். குறையலைன்னா? களிம்பை மாற்றி மாற்றிப் போட்டு நாளைக் கடத்தாதீர்கள்.

பேஜட் நோய் என்பது என்ன?

மார்பகக் காம்பில் புண்போல வரும் தோல் மாற்றத்துக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1874-ல் இங்கிலாந்து அறுவை மருத்துவர் சர் ஜேம்ஸ் பேஜட் எழுதினார். அவர் பெயரிலேயே நோயும் அறியப்படுகிறது. அரிதாக இதே மாற்றம் ஆசனவாய்ப் பகுதியிலும் வரும். தோலின் மேலடுக்கில் புற்றுச் செல்கள் மெதுவாகப் பரவும். 50 வயதைக் கடந்தவர்களிடமே அதிகம் காணப்படுகிறது.

குடலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சிலருக்கு நோய் தோலிலேயே தொடங்கும். வேறு சிலருக்கு மலக்குடலில் உள்ள புற்றுக்கட்டியிலிருந்து செல்கள் தோலுக்குப் பரவியிருக்கும். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அதனால் தோலை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தக் கூடாது.

எப்படிக் கண்டுபிடிப்பாங்க?

1. பயாப்சி: அந்த இடத்தை மரத்துப்போகச் செய்து, சிறு தோல் துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். நோயை உறுதி செய்வது இதுதான்.

2. சிறப்புச் சாயப் பரிசோதனை: செல்லில் உள்ள சிகே 7, சிகே 20 போன்ற புரதங்களைப் பார்ப்பார்கள். சிகே 20 இருந்தால் குடல் கட்டியின் மீது சந்தேகம் வலுக்கும்.

3. கொலோனோஸ்கோபி: கேமரா குழாய் மூலம் மலக்குடலையும் பெருங்குடலையும் முழுமையாகப் பார்ப்பார்கள். பேஜட் நோய் உறுதியானால் இதைத் தவிர்க்காதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது

சில வாரச் சிகிச்சைக்குப் பிறகும் ஆறாவிட்டால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்குச் செல்லுங்கள். "பயாப்சி தேவையா?" என்று தயங்காமல் கேளுங்கள். மலத்தில் ரத்தம், மலம் கழிப்பதில் மாற்றம், காரணமில்லாத எடைக் குறைவு இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எங்கே போவது என்று தெரியலைன்னா 104-ஐ அழைத்து ஆலோசனை பெறலாம்.

பேஜட் நோய் அரிதுதான். ஆனால் குடலில் கட்டி இருந்தால், அதைச் சீக்கிரம் கண்டுபிடிக்க இந்த அரிப்பே வழிகாட்டலாம்.