புக்கிட் செரீனில் குடியிருந்த ஸ்காட்லாந்துக்காரர்

ஜொகூர் நீரிணையை நோக்கி நிற்கும் புக்கிட் செரீன் அரண்மனை ஜொகூர் சுல்தானின் இருப்பிடம் என்பதை இம்மாநிலத்தார் அனைவரும் அறிவர். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய சில ஆண்டுகளில் அது ஸ்காட்லாந்து அரசியல்வாதி ஒருவரின் இல்லமாகவும், தென்கிழக்காசியாவில் பிரிட்டன் என்ன செய்ய வேண்டும் என்று அதன் அதிகாரிகள் கூடிப் பேசிய இடமாகவும் இருந்ததை நினைவுகூர்வோர் சிலரே. அவர் பெயர் மால்கம் மெக்டோனல்ட். சிம்பாங் ரெங்கத்திலிருந்து பழைய கூட்டரசுச் சாலை வழியே தெற்கே ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் அந்த மாளிகையில் வாழ்ந்தவர் முன்னின்று நடத்திய பேச்சுகள், ரெங்கம், லாயாங் லாயாங், குளுவாங் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த தமிழர்கள் இந்நாட்டின் குடிமக்கள் ஆவார்களா, ஆவதானால் எந்த நிபந்தனையின்மேல் ஆவார்கள் என்ற கேள்வியோடு நேரடித் தொடர்புடையவை.

மெக்டோனல்ட் 1901 ஆகஸ்ட் 17 அன்று ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள லொசிமவுத் என்னும் மீன்பிடி ஊரில் பிறந்தார். தந்தை ராம்சே மெக்டோனல்ட், திருமணமாகாத பணிப்பெண் ஒருவரின் மகனாக அதே ஊரில் வறுமையில் வளர்ந்து, 1924இல் பிரிட்டனின் முதல் தொழிற்கட்சிப் பிரதமர் ஆனவர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்துத் தேறிய மகன் 1929 தேர்தலில் இங்கிலாந்தின் பாசெட்லா தொகுதியில் தொழிற்கட்சி வேட்பாளராக வென்று நாடாளுமன்றம் சென்றார். இரண்டே ஆண்டுகளில் பொருளாதார நெருக்கடி முற்றி, தந்தை பழைமைவாதக் கட்சியோடு சேர்ந்து ‘தேசிய அரசாங்கம்’ என்ற கூட்டணி ஆட்சியை அமைத்தபோது, தொழிற்கட்சி அவரைத் துரோகி என்று வெளியேற்றியது. மகன் கட்சியை விட்டுத் தந்தையின் பின்னால் போனார். அந்தத் தேர்வுக்கான விலையை அவர் 1935இல் பாசெட்லாவில் தோற்றுக் கொடுத்தார். மறு ஆண்டு பிப்ரவரியில் ஸ்காட்லாந்தின் வடபகுதியில் ராஸ் அண்டு குரோமார்ட்டி தொகுதிக்கு நடந்த இடைத்தேர்தலே அவரைக் காப்பாற்றியது. அங்கே அவரை எதிர்த்து நின்றவர்களுள் ஒருவர் வின்ஸ்டன் சர்ச்சிலின் மகன் ராண்டால்ஃப் என்பதும், அவர் பின்தள்ளப்பட்டார் என்பதும் அக்காலத்துப் பத்திரிகைகளுக்கு நல்ல தீனியாக இருந்தன.

தொகுதி கிடைத்ததே தவிர, சொந்தக் கட்சி என்று சொல்லிக்கொள்ள அவருக்குப் பின்னால் எதுவும் இல்லை. தந்தையோடு பிரிந்து வந்த சிறு குழு தேய்ந்துகொண்டே போனது. ஆகவே மெக்டோனல்டின் அரசியல் பலம் வாக்காளரிடமோ கட்சியிடமோ இல்லாமல், எதிரெதிரான தரப்புகளை ஒரே மேசையில் உட்காரவைத்துப் பேசும் திறமையிலேயே தங்கியிருந்தது. 1938இல் அயர்லாந்துத் தலைவர் டி வலேராவோடு பேசி, பிரிட்டிஷ் கடற்படையின் கையிலிருந்த அயர்லாந்துத் துறைமுகங்களைத் திருப்பிக் கொடுக்கும் உடன்படிக்கைக்கு அவர் வழிவகுத்தார். 1939இல் குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சராக அவர் வெளியிட்ட பாலஸ்தீன ‘வெள்ளை அறிக்கை’, அதாவது அரசின் கொள்கையை முறையாக அறிவிக்கும் ஆவணம், ஐந்தாண்டுகளில் 75,000 யூதர்கள் மட்டுமே அங்கு குடியேறலாம் என்று வரம்பு கட்டியது. ஐரோப்பாவில் ஹிட்லரின் வேட்டை தொடங்கிவிட்ட நேரத்தில் வந்த அந்த வரம்பு அவர் பெயருக்கு நீங்காத களங்கமானது. அரபுத் தலைவர்களும் அதை ஏற்கவில்லை. சர்ச்சில் பிரதமரானபின் சில காலம் நலவாழ்வு அமைச்சராக இருந்தார். பிறகு 1941இல் கனடாவுக்குத் தூதராக அனுப்பப்பட்டார். லண்டன் அரசியலில் அவருடைய கணக்கு அத்துடன் முடிந்துவிட்டது என்றே சொல்லலாம்.

1946 மே மாதம் அவர் மலாயாவுக்குத் தலைமை ஆளுநராக வந்து சேர்ந்தபோது நாடு கொந்தளிப்பில் இருந்தது. சுல்தான்களின் அதிகாரத்தைப் பறித்து, இனம் பாராமல் தாராளமாகக் குடியுரிமை வழங்க முன்வந்த ‘மலாயன் யூனியன்’ திட்டம் அவ்வாண்டு ஏப்ரல் 1 அன்று தொடங்கப்பட்டிருந்தது. அதை எதிர்த்து எழுந்த மலாய் இயக்கம், ஜொகூரைச் சேர்ந்த டத்தோ ஓன் ஜாஃபாரின் தலைமையில், மே 11 அன்று ஜொகூர் பாருவிலேயே அம்னோ என்ற கட்சியாக உருவெடுத்தது. வந்த சில வாரங்களுக்குள் மெக்டோனல்ட் நிலைமையை எடைபோட்டு, திட்டத்தைக் கைவிடாவிட்டால் மலாய்க்காரர்களின் நம்பிக்கையை பிரிட்டன் முற்றிலும் இழக்கும் என்று லண்டனை எச்சரித்தார். 1948 பிப்ரவரி 1 அன்று யூனியனின் இடத்தில் மலாயாக் கூட்டரசு வந்தது. ஆட்சியாளர் பார்வையில் இது சாமர்த்தியமான பின்வாங்கல். தோட்டத்துத் தமிழர் பார்வையில் குடியுரிமைக் கதவு பாதி சாத்தப்பட்ட நிகழ்வு. வெளிநாட்டில் பிறந்தவர் புதிய விதிகளின்படி 15 ஆண்டுகள் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும், மலாயோ ஆங்கிலமோ தெரிந்திருக்க வேண்டும். லயத்து வீட்டுக்கும் பால் கொட்டகைக்கும் இடையில் வாழ்நாளைக் கழித்தவரிடம் வசிப்புச் சான்றைக் கேட்டது ஒரு தடையென்றால், தமிழ்ப்பள்ளியை மட்டுமே அறிந்தவரிடம் அந்த மொழிகளைக் கேட்டது அதைவிடப் பெரிய தடை.

மெக்டோனல்டின் பதவி, 1948க்குப் பிறகு ‘பொது ஆணையர்’ என்று பெயர் மாறிய நிலையிலும், நேரடி ஆட்சிப் பொறுப்பு இல்லாத ஒன்று. கூட்டரசுக்கும் சிங்கப்பூருக்கும் போர்னியோப் பகுதிகளுக்கும் தனித்தனி ஆளுநர்கள் இருந்தனர். அவர்களை ஒருங்கிணைப்பதும் சமரசம் செய்வதும் லண்டனுக்கு அறிவுரை கூறுவதுமே இவர் வேலை. அந்த வேலைக்குப் புக்கிட் செரீன் பொருத்தமாக அமைந்தது. 1942இல் ஜப்பானியத் தளபதி யமஷிட்டா சிங்கப்பூரை நோட்டமிட்ட அதே மாளிகையில், 1949 நவம்பரில் கூடிய பிரிட்டிஷ் தூதர்களும் ஆளுநர்களும் மாவோவின் புதிய சீன அரசை அங்கீகரிக்குமாறு பரிந்துரைத்தனர். பிரிட்டன் 1950 ஜனவரியில் அவ்வாறே செய்தது. மெக்டோனல்டோ சம்பிரதாயம் பாராதவர். கோட்டும் டையும் இன்றிப் பொது நிகழ்ச்சிகளுக்கு வந்து ஐரோப்பியரை முகஞ்சுளிக்க வைத்தார். விருந்தினர் முன் கைகளை ஊன்றித் தலைகீழாக நடந்து காட்டும் வழக்கமும் அவருக்கு உண்டு.

அவருடைய மலாயாப் பணியில் தமிழ் வாசகர் கூர்ந்து நோக்க வேண்டியது ‘சமூகங்கள் தொடர்புக் குழு’. இனவாரியாகப் பிரிந்து நின்ற தலைவர்களைப் பத்திரிகையாளர் இல்லாத தனியறையில் கூட்டி, அரசியல் சலுகைக்கும் பொருளாதார முன்னேற்றத்துக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் நடத்தச் செய்யலாம் என்ற எண்ணத்தில் 1949இல் உருவான இக்குழுவில் டத்தோ ஓனும் சீனத் தலைவர் டான் செங் லொக்கும் இடம்பெற்றனர். தலைவராக அமர்ந்தவர் இலங்கைத் தமிழ் வழக்கறிஞர் இ. இ. சி. துரைசிங்கம். பெரிய சமூகங்கள் இரண்டில் எதையும் சேராதவர் என்பதே அவரை நடுவராக்கியது. சீனரும் இந்தியரும் குடியுரிமை பெறுவதை எளிதாக்குதல், படிப்படியாகத் தேர்தல், மலாய்க்காரரின் பொருளாதார நிலையை உயர்த்துதல் ஆகியன அங்கே பேசி முடிக்கப்பட்டன. 1952இல் குடியுரிமை விதிகள் தளர்த்தப்பட்டதற்கு அந்தப் பேச்சுகளே அடித்தளம். 1951இல் ஆட்சித்துறைகளை உள்நாட்டவரிடம் ஒப்படைக்கும் ஏற்பாடு வந்தபோது துரைசிங்கம் கல்வித் துறையின் பொறுப்பாளரானார்.

ஆனால் அந்த அறைக்குள் யார் இருந்தனர் என்பதோடு யார் இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். ஆங்கிலம் படித்த வழக்கறிஞரும் வணிகரும் பிரபுக்களும் இருந்தனர். தோட்டத் தொழிலாளர் இல்லை. கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதற்குச் சற்று முன்னரே, அவர்களுக்காகப் பேசிய அனைத்து மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் பதிவு பறிபோயிருந்தது. அதன் தலைவராக இருந்த தமிழர் எஸ். ஏ. கணபதி கைத்துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக, இந்திய அரசு தண்டனையைக் குறைக்கக் கேட்டும் பயனின்றி, 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அது கூட்டரசில் ஆளுநர் நிலையில் ‘ஹைகமிஷனர்’ என்ற பெயரோடு இருந்த ஹென்றி கர்னியின் ஆட்சியில் நடந்தது, மெக்டோனல்டின் உத்தரவால் அன்று. எனினும் ஒரே ஆண்டில் ஒரு தமிழர் சமரச மேசையின் தலைமையிலும் இன்னொரு தமிழர் தூக்குமேடையிலும் நின்றனர் என்பது, சமரசம் யாருக்காக நடந்தது என்பதைப் போதிய அளவு காட்டுகிறது. தோட்டத் தொழிலாளர் ஒரே தேசியச் சங்கமாகத் திரள்வதற்கு 1954 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

மெக்டோனல்டின் கணிப்பும் ஓரிடத்தில் பெரிதாகத் தவறியது. பல இனத்தாரும் உறுப்பினராகும் ஒரே கட்சிதான் சுதந்திர மலாயாவை நடத்த வேண்டும் என்று அவர் நம்பினார். அம்னோவின் கதவை மற்ற இனத்தாருக்குத் திறக்க முயன்று முடியாமல் வெளியேறிய ஓன், 1951 செப்டம்பரில் மலாயா சுதந்திரக் கட்சியைத் தொடங்கியபோது மெக்டோனல்டின் ஆதரவு அங்கேயே சாய்ந்தது. மலாயா இந்தியர் காங்கிரசும் தொடக்கத்தில் அதையே ஆதரித்தது. ஆனால் 1952 பிப்ரவரியில் கோலாலம்பூர் நகராண்மைத் தேர்தலில் அம்னோவும் மலாயாச் சீனர் சங்கமும் கைகோத்து, 12 இடங்களில் 9ஐப் பிடித்தன. ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு கட்சி, அக்கட்சிகளுக்குள் உடன்பாடு என்ற அந்த ஏற்பாடே நிலைத்தது. 1954இல் மலாயா இந்தியர் காங்கிரசும் அதில் சேர்ந்தது. கட்சிப் பிளவில் வாழ்க்கையின் முதல் பாடத்தைக் கற்றவர், கட்சிகள் எப்படி வேர்பிடிக்கின்றன என்பதைக் குறைத்து மதிப்பிட்டது வியப்பாகவே இருக்கிறது.

அரசியலுக்கு வெளியே அவர் விட்டுச்சென்றவற்றில் முதன்மையானது கல்வி. எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியும் ராஃபிள்ஸ் கல்லூரியும் இணைந்து 1949 அக்டோபரில் சிங்கப்பூரில் தோன்றிய மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு அவரே முதல் வேந்தர். 1955இல் இந்தியாவுக்கு ஹைகமிஷனராக, அதாவது காமன்வெல்த் நாடுகளுக்கிடையே தூதரைக் குறிக்கும் பதவியில், அவர் சென்றார். மறு ஆண்டு சூயஸ் கால்வாய் விவகாரத்தில் பிரிட்டன் எகிப்தைத் தாக்கி, நேருவின் கடும் கண்டனத்துக்கு ஆளானபோதும் டில்லியில் அவருக்கிருந்த வரவேற்பு குறையவில்லை. அங்கே தம் வீட்டுத் தோட்டத்துப் பறவைகளைக் கவனித்து அவர் எழுதிய நூலுக்கு மலாயாத் திரைப்படத் தொழிலதிபர் லோக் வான் தோவின் மனைவி கிறிஸ்டினா படங்கள் எடுத்துத் தந்தார். 1963இல் கென்யாவின் கடைசி பிரிட்டிஷ் ஆளுநராகப் போய், சுதந்திரத்தைத் துரிதப்படுத்தி, ஜோமோ கென்யாட்டாவிடம் ஆட்சி சேர்வதைப் பார்த்தார்.

‘சர்’ பட்டம் எதுவும் இல்லாமலேயே 1981 ஜனவரி 11 அன்று அவர் காலமானார். 1970களில் வேந்தராக இருந்த இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்திலேயே அவர் சேர்த்த சீனப் பீங்கான்களும் அவருடைய கடிதங்களும் குறிப்புகளும் இருக்கின்றன. துரைசிங்கத்தின் குழு கூடிப் பேசிய காலத்தை ஆராய விரும்புவோர் இன்றும் அந்தத் தாள்களைத் தேடிச் செல்கின்றனர். 2018 முதல் 2022 வரை சிம்பாங் ரெங்கம் நாடாளுமன்றத் தொகுதியின் உறுப்பினராகவும் சில காலம் நாட்டின் கல்வி அமைச்சராகவும் இருந்த மஸ்லி மாலிக் முனைவர் பட்டம் பெற்றதும் அதே டர்ஹமில்தான்.