ஊர் கடந்து ஆடும் நம் இளைஞர்

பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நாம். 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இப்பகுதியில் தங்கம் தோண்டத் தலைப்பட்ட பின்னர், வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் முன்னோர் வந்து, கோரமண்டலிலும் ஊர்காமிலும் சாம்பியன் ரீஃபிலும் மாரிகுப்பத்திலும் குடியமர்ந்தனர். ஊரில் தங்கிவிட்ட உற்றார், “போனவன் எப்படி இருக்கிறானோ?” என்று ஓயாது விசாரித்துக் கொண்டிருந்தனர். அக்கேள்வியில் அன்பும் இருந்தது, பொறுப்பும் இருந்தது. அதே கேள்வியை, கால்பந்தாட்டத்தை நம்பி வேற்று மாநிலம் சென்ற நம் பக்கத்து இளைஞர்களைக் குறித்தும் கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெங்களூர்ப் பாளையத்தில் தங்கியிருந்த வெள்ளைப் பட்டாளத்தார் ஆடிய பந்தாட்டத்தைச் சுற்றி நின்று பார்த்த நம்மவர், வெறுங்காலோடு ஆடி அக்கலையைக் கற்றுத் தேர்ந்தனர். 1937, 1938 ஆகிய ஈராண்டுகளிலும் பம்பாய் ரோவர்ஸ் கோப்பையைப் ‘பெங்களூர் முஸ்லிம்ஸ்’ குழு வென்றது. திறமைக்குக் குறைவில்லை, ஆயின் திறமைக்கு ஏற்ற அரங்கு இங்கே இல்லை. அவ்வரங்கு கல்கத்தாவில் இருந்தது. 1898ஆம் ஆண்டிலேயே அந்நகரில் லீக் போட்டி தொடங்கிவிட்டது. ஆயிரக்கணக்கில் திரளும் கூட்டமும், புகழ் வாய்ந்த கழகங்களும் அங்கே இருந்தன. 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை லீக் பட்டத்தை வென்ற முகமதன் ஸ்போர்ட்டிங் கழகம், பெங்களூரிலிருந்தும் ஆட்டக்காரர்களை வரவழைத்துக்கொண்டது. அன்று திறந்த வழி பின்னர் மூடப்படவே இல்லை.

1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக் பந்தயத்திற்குச் சென்ற இந்தியக் குழுவில் அகமது கான், தன்ராஜ், சாரங்கபாணி ராமன் முதலிய மைசூர் ஆட்டக்காரர்கள் இடம்பெற்றனர். பிரான்சுக்கு எதிரான ஆட்டத்தில் இந்தியா இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றது. அந்த ஒரு கோலை அடித்தவர் ராமன். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா பெற்ற முதல் கோல் அதுவே. அகமது கானும் தன்ராஜும் ஈஸ்ட் பெங்கால் கழகத்தில் சேர்ந்து, அப்பா ராவ், வெங்கடேஷ், சாலே ஆகிய மூவரோடு இணைந்து ஆடினர். தெற்கிலிருந்து சென்ற இவ்வைவரையும் வங்க மக்கள் ‘பஞ்ச பாண்டவர்’ என்று அழைத்துக் கொண்டாடினர். 1949, 1950, 1951 ஆகிய மூன்றாண்டுகளிலும் ஐ.எப்.ஏ. கேடயம் அவர்கள் கழகத்தின் கைக்கே வந்தது.

அடுத்த தலைமுறையில் அருமைநாயகம் சென்றார். பெங்களூர் மண்ணில் பயின்ற அவர், 1960களில் மோகன் பகானின் இடப்புற முன்னணியில் நின்று ஆடினார். 1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் குழுவில் அவரும் ஒருவர். அக்குழுவின் கோல் காவலர் பீட்டர் தங்கராஜ், நீலகிரி வெல்லிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமெண்டில் உருவானவர். கல்கத்தாவின் மூன்று பெருங்கழகங்களுக்கும் அவர் ஆடினார்.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். கல்கத்தாவில் ஆடச் சென்றவர், மாநிலங்களுக்கிடையே நடக்கும் சந்தோஷ் கோப்பைப் போட்டியில் வங்கத்தின் சட்டையை அணிந்து களமிறங்குவது வழக்கமாயிற்று. நேற்று நம் மைதானத்தில் ஆடிய பிள்ளை இன்று நமக்கெதிராக ஆடுகிறான். அவனை நம்மவன் என்பதா, அயலான் என்பதா? இக்கேள்வி எழுந்த வீடுகளும் தேநீர்க் கடைகளும் பலவாக இருந்திருக்கும்.

இக்கேள்விக்கு மைசூர்க் குழுவே தக்க விடை அளித்தது. சந்தோஷ் கோப்பையை மைசூர் நான்கு முறை வென்றது: 1946-47, 1952-53, 1967-68, 1968-69. நான்கு முறையும் இறுதி ஆட்டத்தில் தோற்றது வங்கமே. அகமது கானும் தன்ராஜும் கல்கத்தா சென்றுவிட்ட பின்னரும் இங்கே வெற்றி கிட்டியது என்பதை நினைவிற் கொள்க. சிலர் சென்றமையால் நம் களம் பாழாகிவிடவில்லை. சென்றவரின் புகழைக் கேட்டே அடுத்த வரிசைப் பிள்ளைகள் காலையில் எழுந்து பயிற்சி செய்தனர். அதன் பின்னர் ஐம்பத்து நான்கு ஆண்டுகள் காத்திருந்து, 2023 மார்ச் 4ஆம் நாள் ரியாத் நகரில் மேகாலயத்தை மூன்றுக்கு இரண்டு என வென்று கர்நாடகம் மீண்டும் அக்கோப்பையைப் பெற்றது. நம்மவர் பலர் உழைக்கப் போன அரபு மண்ணிலே அவ்வெற்றி கிட்டியது என்பது நமக்கு இருமடங்கு மகிழ்ச்சி.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய செய்தியன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டு இளைஞர் பலர், தெற்கே எல்லை தாண்டி மெக்சிகோ லீக்கில் ஆடி வருகின்றனர். 2010இல் ஹெர்குலஸ் கோமஸ் என்னும் அமெரிக்கர், பூப்லா கழகத்திற்காகப் பத்து கோல் அடித்து, அந்தப் பருவத்தில் மிகுதியான கோல் அடித்தோருள் ஒருவராக விளங்கினார். எல்லையோர நகரமான திஹுவானாவின் கழகம் 2012இல் பட்டம் வென்றபோது, ஜோ கொரோனா, எட்கர் காஸ்டில்லோ போன்ற அமெரிக்கர்கள் அதில் ஆடினர். மெக்சிகோவில் பிறந்து டெக்சாஸில் வளர்ந்த அலெஹாந்திரோ செந்தேஹாஸ், மெக்சிகோவின் பெருங்கழகத்திற்கு ஆடிக்கொண்டே அமெரிக்காவின் தேசிய அணியைத் தேர்ந்துகொண்டார். சிங்கப்பூர்த் தமிழரான சுந்தரமூர்த்தியும் மலேசியாவின் கெடா அணிக்கு ஆடியவரே. எல்லை கடப்பவருக்கு இரண்டு வீடு உண்டு. இரண்டும் உண்மையான வீடே என்பதை நம்மைவிட அறிந்தவர் யார்?

இன்றும் இப்பயணம் நின்றுவிடவில்லை. கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து சென்ற மைக்கேல் சூசைராஜ், 2019-20இல் இந்தியன் சூப்பர் லீக் பட்டம் வென்ற கல்கத்தா அணியில் ஆடினார். சிவசக்தி நாராயணன் பெங்களூர் அணிக்கு ஆடி, 2022-23 பருவத்தில் வளரும் ஆட்டக்காரருக்கான விருதைப் பெற்றார். 2023 ஆகஸ்ட் 12ஆம் நாள் டூராண்ட் கோப்பைப் போட்டியில், மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்கால் அடித்த ஒரே கோல் சென்னை இளைஞர் நந்தகுமாருடையது. நான்கரை ஆண்டுகளாக அந்த எதிரியை வெல்ல இயலாது துவண்டிருந்த கழகத்திற்கு, தமிழ்ப் பிள்ளை ஒருவனின் காலால் விடிவு பிறந்தது.

கோல் அடித்த நாளில் கைதட்டுவது எளிது. கால் முறிந்த நாளிலும், ஒப்பந்தம் முடிந்த நாளிலும், வயது முதிர்ந்த நாளிலும் விசாரிப்பவரே உற்றார். அகமது கான் ஆட்டம் முடிந்தபின் பெங்களூர் திரும்பி, 2017இல் அங்கேயே காலமானார். தங்கராஜோ பொகாரோ உருக்காலை நகரில் பணியேற்று அங்கேயே தங்கி, 2008இல் மறைந்தார். திரும்பியவரும் நம்மவரே, திரும்பாதவரும் நம்மவரே. நம் தாத்தாமார்களில் ஊர் திரும்பியவர் சிலர். சயனைடு மேட்டின் நிழலிலேயே மண்ணானவர் பலர். அவர்களை நாம் வேறு வேறாக எண்ணுவதில்லை அன்றோ?

2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்வது நம் குடும்பங்களின் வாழ்க்கை முறையாகிவிட்டது. அந்த ரயிலில் பந்தாட்டக் காலணியைப் பையில் வைத்துக்கொண்டு செல்லும் பிள்ளையையும் நாம் உழைக்கப் போகிறவனாகவே கருத வேண்டும். “விளையாட்டு சோறு போடுமா?” என்று கேட்கும் பெற்றோரின் அச்சம் நியாயமானதே. ஆதலின் பிள்ளையைத் தடுப்பதைவிட, வழி காட்டி அனுப்புவது மேல். பள்ளிப் படிப்பை இடையில் விடாதிருக்கச் செய்க. எந்தக் கழகம் அழைப்பினும் ஊதியம், தங்குமிடம், காயம் பட்டால் மருத்துவச் செலவு ஆகியவற்றை எழுத்தில் பெற்று, அறிந்தவர் ஒருவரிடம் காட்டிய பின்னரே கையொப்பமிடச் செய்க.

சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். தங்கவயலிலிருந்து வெளியூர் சென்று ஆடியவர், ஆடுபவர் ஆகியோரின் பெயர், கழகம், ஆண்டு ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்போம். முதியவர்கள் நினைவில் இருப்பவை அவர்களோடு மறைந்துபோகுமுன் அவற்றைக் கேட்டறிவோம். திங்கள்தோறும், வெளியூரில் ஆடும் ஒரு பிள்ளைக்கேனும் இங்கிருந்து ஒரு கடிதமோ தொலைபேசி அழைப்போ செல்லட்டும். “வென்றாயா?” என்று கேட்குமுன் “சாப்பிட்டாயா, நலமா?” என்று அது கேட்கட்டும்.