பட்டியலில் வராத அக்கா

சிரம்பான் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்திற்குச் சம்பளக் கணக்கு மென்பொருளை ஜாவாவில் எழுதிக் கொடுத்தேன். முதல் மாதமே கிராணி போன் செய்தார்.

"தம்பி, ஒரு அக்கா பேரு பட்டியல்லயே இல்ல. உதிரிப் பழம் பொறுக்குறவங்க. சம்பளம் ஏறல."

நிரல் எந்தப் பிழையும் காட்டவில்லை. அதுதான் பிழை.

நம் அடையாள அட்டையில் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவே ‘ஏ/எல்’ அல்லது ‘ஏ/பி’ இருக்கும். அதை வைத்துத்தான் என் நிரல் பெயரைப் பிரித்தது. அந்த அக்காவின் அட்டையில் தந்தை பெயர் கிடையாது. அந்த இடத்தில் ஜாவா ‘நல்’ வைத்திருந்தது. அதாவது, அங்கே எதுவுமே இல்லை. இல்லாத ஒன்றைப் பெரிய எழுத்துக்கு மாற்றச் சொன்னதும் ‘நல்பாயிண்டர் எக்செப்ஷன்’ எழுந்தது. அதைப் பிடிக்க நான் எழுதிய ‘கேட்ச்’ பகுதியோ வெறும் காலி. ஒருவருக்காக மொத்தச் சம்பளமும் நிற்க வேண்டாமே என்று நினைத்திருந்தேன். நிற்கவில்லைதான். அக்காவை விட்டுவிட்டு அடுத்தவருக்குப் போய்விட்டது.

1965இல் அல்கால் டபிள்யூ மொழியில் ‘நல்’லைக் கொண்டுவந்த டோனி ஹோர், 2009இல் அதைத் தம்முடைய நூறு கோடி டாலர் தவறு என்றார். என் தவறு ஓர் அக்காவின் ஒரு மாதச் சம்பளம்.

விடுபட்ட பணத்தை அன்றே கையில் கொடுத்துவிட்டார்கள். நான் அவசரமாகத் தந்தை பெயர் இடத்தில் ‘இல்லை’ என்று அச்சாகும்படி மாற்றினேன்.

"சீட்டுல அப்பா ‘இல்லை’ன்னு வந்தா அவங்க மனசு என்ன பாடுபடும்?" என்றார் கிராணி. பிறகு பழைய செக்ரோலைப் பற்றிச் சொன்னார். "வேலைக்கு வரலன்னா ஒரு குறி. வந்து, மழையில வேல நின்னா வேற குறி. கட்டம் காலியா இருந்தா எழுத மறந்துட்டாங்கன்னு அர்த்தம். தண்டலக் கூப்பிட்டுக் கேப்போம்."

காலி வேறு, பூஜ்யம் வேறு. நான் படித்தும் கோட்டை விட்டது இதைத்தான்.

மறுபடி எழுதினேன். இல்லாமலும் இருக்கலாம் என்ற தந்தை பெயருக்கு, 2014இல் ஜாவா 8 உடன் வந்த ‘ஆப்ஷனல்’. இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதை அங்கே யோசித்தே எழுத வேண்டும். கட்டாயம் வேண்டிய அட்டை எண் இல்லையென்றால், பதிவு செய்யும்போதே நிரல் மறுத்துவிடும். ‘கேட்ச்’சுக்குள் இப்போது வேலையாள் எண்ணும் காரணமும் பதிவாகின்றன. கடைசியில் ஒரு தலைக்கணக்கு: செக்ரோலில் உள்ளவர்களும் பட்டியலில் உள்ளவர்களும் சமமாக இல்லாவிட்டால் அச்சே ஆகாது.

அடுத்த மாதச் சீட்டில் அக்காவின் பெயர் மட்டும் வந்தது. பக்கத்தில் ‘ஏ/பி’யும் இல்லை, ‘இல்லை’யும் இல்லை.